கைவசம் சரக்கு

மார்ச் முப்பத்தொன்று.
தக்கலையிலிருந்து ஆடிட்டர் சிதம்பரதாணு
போனில் கேட்கிறார்:
"கைவசம் சரக்கு எவ்வளவு, டாக்டர்?"

கையுறை பதினோரு பெட்டி.
மரப்பு மருந்து நாற்பது குப்பி.
பஞ்சு, சிமெண்ட், அச்செடுக்கும் மாவு.
பெனிற்றா எண்ணிச் சொல்ல, நான் எழுதுகிறேன்.
இரண்டாவது நாற்காலி சரக்கில்லையாம்,
சொத்து என்கிறார்.
சொத்து!
வாங்கி ஐந்து மாதம்,
பிளாஸ்டிக் உறையை இன்னும் கிழிக்கவில்லை.
ஐந்தாம் தேதி தோறும்
அது என்னைப் பிடுங்குகிறது,
ஊசி போடாமல்.

கீழ் இழுப்பறை மிச்சம்.
"அதையும் எண்ணணுமா மேடம்?"

அதில் பற்கள்.
வெட்டூர்ணிமடம் லேபிலிருந்து வந்த கேப்புகள்.
தீப்பெட்டி அளவு டப்பாக்களில்
பேரும் தேதியும் நிறமும் எழுதி,
ஏழு.

தங்கபாய், கீழ்க்கடைவாய், இடது.
கருங்கல் அண்டி ஆபீசில்
நாள் முழுக்கக் குத்தியிருந்து தோடு உடைப்பவள்.
முன்பணம் ஐந்நூறு.
மீதி போனஸ் வரும்போது.
போனஸ் வரவில்லை. அவளும்.

ஆன்றோ, இனயம்.
அளவு கொடுத்த மறுநாள் போட் ஏறினான்.
நாற்பதாம் நாள் கரைக்கு வந்தான்.
மீனுக்கு விலையில்லை.
பஸ்ஸில் போகும்போது
கிளினிக் தெரியாத பக்கத்து சீட்டில் உட்கார்ந்து
திரும்பவும் கடலுக்குப் போய்விட்டான்.

முன்பல் ஒன்று ஒரு நர்சுக்கு.
குவைத்திலிருந்து படம் அனுப்பியிருக்கிறாள்,
உதடு பிரியாத சிரிப்போடு.

ஒருவர் இறந்தே போனார்.
அவருடைய டப்பாவை மட்டும்
பெனிற்றா தனியாக வைத்திருக்கிறாள்.
ஏனென்று நான் கேட்டதில்லை.

போன வருடம் கோயம்புத்தூரில்,
ஏசி ஓட்டலில், தொழில் வளர்ப்பு வகுப்பு.
கோட்டு போட்டவர் சொன்னார்:
முழுப்பணம் வாங்காமல் அளவெடுக்காதே.
பல்லைப் பேசாதே, புன்னகையைப் பேசு.
வரவேற்பறையில் மீன்தொட்டி வை.
மீன்தொட்டி மட்டும் வைத்தேன்.
குறும்பனைப் பெண்கள் குனிந்து பார்த்து
"ஒரு நேரக் கறிக்குக் காணாதே டாக்டரே" என்றார்கள்.

"லைன்ல இருக்கீங்களா?
வாங்கின விலையா, விக்கப்போற விலையா,
எது கொறவோ அதைப் போடணும்."

வாங்கின விலை
ஏழுக்கும் சேர்த்து பன்னிரண்டாயிரத்து அறுநூறு.
தங்கபாயின் வாய் தவிர
பூமியில் வேறெந்த வாயிலும் உட்காராத பொருளை
எந்தச் சந்தையில் விற்க?
திங்கள்சந்தையிலா?

"பூஜ்யம்" என்றேன்.
"அப்ப கழிச்சு விட்டுரலாம்."
அவருக்கு அது ஒரு வரி.

பெனிற்றா நீல நோட்டை விரித்தாள்.
கடன் நோட்டு.
"பைசா கேட்டு விளிச்சா ஆரும் எடுக்கமாட்டாவ.
பல்லு வந்து கெடக்குன்னு விளிச்சுப் பாப்பமா?"

மாலை நாலரைக்குத் தங்கபாய் வந்தாள்.
முந்தியில் முன்னூறு ரூபாய்.
முதல் நாற்காலியில் ஒரு பையன்,
வேர் சிகிச்சை பாதியில், வாய் பிளந்தபடி.
வேறு வழியில்லை.
புது நாற்காலியின் உறையை
நானும் பெனிற்றாவும் இரண்டு பக்கமாக இழுத்துக் கிழித்தோம்.
அந்தச் சத்தத்தில் பையன் மிரண்டுவிட்டான்.

அவள் உட்கார மாட்டேனென்றாள்.
கையை விரித்துக் காட்டினாள்:
அண்டிக்கறை, பத்து விரலிலும்.
"புதுசுல்லா."

நாலு மாதத்தில் பக்கத்துப் பல் சாய்ந்திருந்தது.
கேப்பைக் கொஞ்சம் உரசி,
திரும்ப வைத்து, திரும்ப உரசி,
"கடிச்சுப் பாருங்கோ."
கடித்தாள். யோசித்தாள்.
"வேற ஆருக்கோ உள்ளது மாதிரி இருக்கு."
"நாளைக்கு உங்களுக்குள்ளது ஆயிரும்."
போகும்போது மீன்தொட்டியின் கண்ணாடியில்
வாயைத் திறந்து பார்த்தாள்,
மீன்கள் விலகிப் போயின.

ராத்திரி ஆடிட்டரைக் கூப்பிட்டேன்.
"ஏழில்லை, ஆறு."
"எல்லாமே பூஜ்யம்தானே டாக்டர்,
ஆறானா என்ன, ஏழானா என்ன?"
"இருந்தாலும் எழுதிக்கோங்க."

ஐந்தாம் தேதிக்கு
இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.